பல்கலைக்கழக மாணவர்கள் இணையவழிக் கற்றலை மனதார ஏற்றுக்கொண்டார்களா?

இலங்கையின் கிழக்கு மாகாண மாணவர்களை வைத்து ஆய்வு செய்யப்போவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளை. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்களை மூடியபோது இரண்டாம் வருடத்தில் இருந்தேன். என் பதில் இதுதான்: நேரடி ஸூம் வகுப்பைச் சகித்துக்கொண்டோம், பதிவுசெய்து போட்ட விரிவுரையைத்தான் மனதார ஏற்றுக்கொண்டோம்.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு காட்டும், அதுவும் நிலைக்காது. குளக்கட்டுக்குப் போனால் கிடைக்கும். காலை வகுப்பென்றால் தம்பி கூட வந்து வெயிலில் உட்கார்ந்திருப்பான். மாலை வகுப்புத்தான் பயம். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் யானை இறங்கும். விரிவுரையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்த நாட்கள் பல. கடைசியில் வரவு எடுத்தால் அன்றைக்கு என் பெயர் இருக்காது. பரீட்சை எழுத 80 சதவீத வரவு வேண்டும் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை. எழுதிக் கொடுத்தும் திருத்தவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நீங்கள் எப்படியும் ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸின் 1989ஆம் ஆண்டுத் தொழில்நுட்ப ஏற்பு மாதிரியில்தான் (TAM) தொடங்குவீர்கள்: ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது, எளிது என்று மனிதருக்குத் தோன்றினால் ஏற்றுக்கொள்வார்கள். பாடங்களைப் போடும் மூடுல் தளம் எளிதா என்று என்னிடம் கேட்டிருந்தால் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையில் எளிதுதான், உட்கார்ந்து பார்க்க இடம்தான் இல்லை. 2003இல் வெங்கடேஷும் கூட்டாளிகளும் தந்த மாதிரியில் சுற்றியுள்ள வசதிகளையும் ஒரு காரணியாகச் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் (LEARN) வலையமைப்பு வழியாக ஸூமுக்கும், மூடுல் போன்ற கற்றல் தளமான எல்எம்எஸ்ஸுக்கும் டேட்டாக் காசு இல்லாமல் செய்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் கோபுரம் இல்லாத ஊரில் இலவசம் என்ன செய்யும்?

சரி, பதிவுகளுக்கு வருகிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, கம்பஸுக்குள் போனதும் எல்லாம் ஆங்கிலம். மண்டபத்தில் இருக்கும்போது பாதி புரியாது, கை உயர்த்திக் கேட்கக் கூச்சம். பதிவு கைக்கு வந்ததும் அந்தக் கூச்சம் போனது. புள்ளியியலில் வரும் மாறற்றிறன் பகுப்பாய்வு (ANOVA) விரிவுரை ஒன்றை நான்கு தடவை கேட்டேன், நிறுத்தி நிறுத்தி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எல்எம்எஸ்ஸில் இல்லாமல் வேறு தளத்தில் போட்டிருந்தால் டேட்டாவுக்குக் காசு, அதனால் நடுச்சாமத்துக்குப் பிறகு இரவு டேட்டாவில் இறக்கி வைப்பேன். முதல் தடவையாக ஒரு பாடத்தை முழுதாக விளங்கிக்கொண்டேன் என்ற சந்தோஷம் அப்போதுதான் வந்தது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போனபோதும், போனில் இறக்கி வைத்த பாடம்தான் கைகொடுத்தது.

செய்முறைப் பாடங்களுக்கு இது சரிவராது, அதில் பேச்சில்லை.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த என் சிநேகிதி பொத்துவில்காரி. அவளும் இதையேதான் சொன்னாள்: வகுப்பு நடக்கும் நேரம் தன் கையில் இல்லை, பதிவு கேட்கும் நேரம் தன் கையில் இருந்தது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வினாக்கொத்தை கூகுள் படிவமாக மட்டும் அனுப்பாதீர்கள். சிக்னல் இல்லாத பிள்ளையிடம் அது போய்ச் சேராது. படிவம் கிடைத்தவர்கள் எல்லாரும் இணையவழிக் கற்றல் நல்லது என்று குறித்து அனுப்புவார்கள். அச்சடித்து விடுதிகளுக்குக் கொண்டுபோங்கள். வாகரை, வெல்லாவெளி, திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, வகுப்பு நேரத்தில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.