மனிதரல்லாத இனத்தார் தமிழில் எப்படிப் பேசுவார்கள்?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து தமிழில் ஒரு மாய உலகக் கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். அதில் பல்லி மனிதர், மரத்தோர், சுரங்கக் குள்ளர் என மூன்று இனங்கள் இருக்கின்றன. வசனம் எழுதிப் பார்த்தால் மூவரும் ஒரே ஆள் பேசுவதுபோலவே தெரிகிறார்கள். ஆங்கில விளையாட்டுகளில் உள்ளதுபோல இனத்துக்கு இனம் பேச்சை வேறுபடுத்துவது எப்படி?
– கல்லூரி மாணவர், தருமபுரி

பதில்: ஆங்கில விளையாட்டுகளில் எது சிறப்பாக அமைந்திருக்கிறதோ அதன் காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007-இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட்' விண்வெளிக் கதைதான் என்றாலும், உங்கள் கேள்விக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதில் வரும் எல்கோர் என்னும் பேருருவ இனத்தார் தமக்குள் மணத்தாலும் மிக நுண்ணிய உடலசைவாலும் உணர்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறவர்கள். பிற இனத்தாருக்கு அது புலப்படாது என்பதால், 'வருத்தத்துடன்', 'உண்மையான ஆர்வத்துடன்' என்று தம் உணர்ச்சியை முதலில் சொல்லிவிட்டே ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்குவார்கள். அதே விளையாட்டின் ஹனார் இனத்தார், பிறர்முன் 'நான்' என்பது தற்பெருமை எனக் கருதித் தம்மை 'இந்த ஒருவர்' என்றே குறிப்பிடுகிறார்கள். முதலாவதற்கு உடலும் இரண்டாவதற்கு ஒழுக்கமும் காரணமாக நிற்பதால், இரண்டுமே ஒட்டவைத்த அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

உத்தி மட்டும் மொழி மாறி வரும்போது என்ன ஆகும் என்பதற்கு யோடா சான்று. 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் அந்த முதியவர் செயப்படுபொருளை முன்னே வைத்து எழுவாயைப் பின்னே தள்ளிப் பேசுவது ஆங்கிலக் காதுக்கு விந்தையானது. தமிழிலோ 'வந்தான் அரசன்' என்றாலும் 'அரசன் வந்தான்' என்றாலும் இலக்கணம் குலைவதில்லை. சொற்களை இடம் மாற்றினால் உங்கள் குள்ளர் வேற்றினத்தார்போல் ஒலிக்கமாட்டார். மேடைப் பேச்சாளர்போல் ஒலிப்பார்.

ஆங்கிலத்திடம் இல்லாத கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது திணை. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்று தொல்காப்பியம் மனிதரோடு நிறுத்துகிறது. நன்னூல் 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்று எல்லையை விரிக்கிறது. யார் 'அவர்', எது 'அது' என்பதை வினைமுற்றிலேயே சொல்லியாக வேண்டிய மொழியில், ஓர் இனத்தின் உலகப் பார்வை முழுவதையும் ஒரு விகுதியில் காட்டிவிடலாம். உங்கள் சுரங்கக் குள்ளர் தம் கருவிகளையும் கனிமங்களையும் உயர்திணையாகவே கருதட்டும்: 'சுத்தியல் களைத்துவிட்டார், நாளைக்குத்தான் வருவார்.' அதே குள்ளர் சுரங்கத்துக்குள் நுழைந்த மனித அரசனைப் பார்த்து 'அரசன் வந்தது' என்று சொன்னால், அவர்கள் மனிதரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

மரத்தோருக்கு நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டைப் பரிந்துரைப்பேன். கேட்பவரையும் உளப்படுத்தும் 'நாம்' மட்டுமே அவர்கள் வாயில் வரட்டும். அன்றுதான் சந்தித்த வழிப்போக்கனிடமும் 'நூறாண்டுக்கு முன் இந்தப் பாறையருகே நாம் மழையை வாங்கினோம்' என்பார்கள். பல மணி நேரம் இப்படிக் கேட்டுப் பழகிய ஆட்டக்காரர், காட்டுக்குத் தீவைத்த பிறகு ஒருநாள் அவர்கள் 'நாங்கள்' என்று சொல்லக் கேட்டால், தாம் விலக்கப்பட்டதை அந்தக் கணமே உணர்வார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அங்கே இதைச் செய்ய முடியாது.

பல்லி மனிதருக்கு உதடு இல்லை என்று வைத்துக்கொண்டால் வழி இன்னும் அழகாகத் திறக்கிறது. இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடுவதை நிரோட்டம் என்று நம் அணியிலக்கணம் வகுத்திருக்கிறது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதி முழுவதையும் அவ்வாறே பாடினார். ப, ம, வ என்னும் எழுத்துகளும், உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களும் இல்லாமல் எழுதிப் பாருங்கள்: 'எங்கள் ஏரிக்கரையில் நின்ற நிழலை நீ ஏன் அழித்தாய்?' பல்லிக்கேற்ற வறண்ட, பற்களுக்கிடையே கசியும் ஓசை தானாகவே வந்துவிடுகிறது. நீண்ட உரையாடல் முழுவதும் இதைக் காப்பது கடினம். ஆகவே அவர்களைக் குறைவாகப் பேசும் இனமாக்கிவிடுங்கள், அதுவும் அவர்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: எங்கள் பகுதியில் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. கூத்தில் அரக்க வேடத்தார் பேசும் முறையை விளையாட்டில் வரும் அரக்கர்களுக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், பயன்படுத்த வேண்டும் என்பது என் விருப்பமும்கூட. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் கஜீட் என்னும் பூனை இனத்தார் பலர் 'நான்' என்று சொல்லாமல் 'கஜீட்டிடம் சரக்கு இருக்கிறது' என்று படர்க்கையில் பேசுவதை உலகமே வியந்தது. தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின் நின்று தன் வருகையைத் தானே படர்க்கையில் பாடும் வழக்கத்தை அறிந்த நமக்கு அது புதிதன்று. தமிழில் இதைச் செய்யும்போது வினைமுற்றும் மாறியாக வேண்டும். 'இடும்பன் வந்தேன்' என்றால் பெயரைச் சொல்லும் தன்மை. 'இடும்பன் வந்தான்' என்றால்தான் தன்னையே வெளியிலிருந்து பார்க்கும் பேச்சு. இந்த வேறுபாட்டை எழுதுபவர் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் மட்டும் பேச்சுத் தமிழில் நிற்க, வேடங்கள் விருத்தத்திலும் செந்தமிழிலும் நிற்பதும் உங்களுக்கு உதவும்: மனிதத் துணைவன் அன்றாடத் தமிழிலும், அரக்கன் உயர்நடையிலும் பேசட்டும். அரக்கன் என்றால் கொச்சையாகத்தான் பேச வேண்டும் என்ற எண்ணம் கூத்து மரபில் இல்லை.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர், சிரிப்பூட்டும் பூத இனத்துக்குத் தருமபுரிப் பேச்சையோ, தெலுங்கும் கன்னடமும் கலந்த ஓசூர்ப் பேச்சையோ கொடுக்கலாம் என்கிறார். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, ஓசூர்

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. 2004-இல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் குள்ளர் ஸ்காட்லாந்து ஒலிப்பிலும், ட்ரோல் என்னும் காட்டினத்தார் ஜமைக்கா ஒலிப்பிலும் பேசுகிறார்கள். உண்மையான மக்களின் பேச்சைக் கற்பனை இனத்தின் அடையாளமாக்கியதற்காக, குறிப்பாக இரண்டாவது தேர்வு, பலரது கண்டனத்துக்கு உள்ளானது. கண்டனம் நேர்மையானது என்பதே என் கருத்து. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கடைத்தெருவில் மூன்றையும் கலந்து பேசும் ஓசூர்ப் பிள்ளை அந்த விளையாட்டைத் திறந்ததும், தன் தாயின் பேச்சு ஒரு பூதத்தின் வாயில், அதுவும் சிரிப்பதற்காகவே வைக்கப்பட்டிருப்பதைக் கேட்கும். மனிதர் எல்லோரும் பொதுத்தமிழில் பேச, பூதம் மட்டும் 'ஊட்டுக்கு' என்று சொன்னால், எது மனிதப் பேச்சு, எது அல்ல என்று விளையாட்டு தீர்ப்பளித்துவிடுகிறது. வட்டாரப் பேச்சு வேண்டுமானால் அரசிக்கும் மருத்துவருக்கும் படைத்தலைவருக்கும் கொடுங்கள். அப்போது பூதமும் அதைப் பேசுவதில் தவறில்லை. பூதத்தைத் தனியாகக் காட்ட '-ஆம்' போதும்: கண்ணால் பார்த்ததையும் 'நேற்று நான் உன்னை அடித்தேனாம்' என்று கேள்விப்பட்டதாகவே சொல்லும் ஓர் இனத்திடம் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

கேள்வி: தனி மொழியையே உருவாக்க வேண்டுமா?
– பள்ளி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டியதில்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்ஃப் என்னும் இனத்துக்கு ஃபின்னிய மொழியின் சாயலில் ஒன்றும் வேல்ஸ் மொழியின் சாயலில் ஒன்றுமாக மொழிகளை வாழ்நாளெல்லாம் செதுக்கினார்; மதன் கார்க்கி 'பாகுபலி'யின் காலகேயருக்காகக் கிளிக்கி மொழியை அமைத்தார். உங்களுக்கு இருபது பெயர்களும் ஐந்தாறு வாழ்த்துகளும் வசைகளும் ஒரே ஓசை விதிக்குள் அடங்கினால் போதும். 'ஸ்கைரிம்' விளையாட்டின் டிராகன்களுக்கு எழுத்துகள் நகக் கீறல்களாக அமைந்திருப்பதையும், அவை நெருப்புமிழ்வது உண்மையில் தம் மொழியில் சொற்களை உச்சரிப்பதுதான் என்பதையும் கவனியுங்கள். அங்கே இரண்டு டிராகன்களின் சண்டை என்பது ஒரு விவாதம். உங்கள் இனத்தார் எதைக்கொண்டு எழுதுவார்கள், பேசும்போது அவர்கள் உடலில் என்ன நிகழும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலில் விடை எழுதுங்கள். சொற்பட்டியலை அதன்பின் தொடங்கலாம்.