பெயர் தெரியாத கேசட், யூடியூபில் போடலாமா?

கம்பெனி பெயரே இல்லாத கேசட், அட்டையில் பாடியவர் பெயரும் 1988 என்ற ஆண்டும் மட்டும்தான், ஆள் கிடைக்காவிட்டால் யூடியூபில் போட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் டேப்பைக் காப்பாற்றுங்கள். கேசட்டின் திறந்த விளிம்பு நடுவில், டேப்புக்குப் பின்னால், அதை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள் (பழசானால் பசை விட்டு விழுந்துவிடும், அப்புறம் சத்தம் மங்கலாகத்தான் வரும்), பிறகு ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, முதல் தடவை போடும்போதே கணினியில் வேவ் (WAV) கோப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். எம்பி3 வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிக் கொஞ்சம் இழந்துவிடும்.

அட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில் ஸ்டுடியோ, புகைப்படக்காரர் பெயர் ஏதாவது இருக்கலாம். பாடியவரைவிட அவர்களைப் பிடிப்பது சுலபம். இசைத்தட்டு, கேசட் விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்திலும் தேடுங்கள்.

கனடாவில் பெவர்லி கிளென் கோப்லண்ட் என்ற இசைக்கலைஞர் 1986இல் ஒரு யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு, ஒரு ரோலண்ட் டிரம் மெஷினை வைத்துக்கொண்டு தானே வெளியிட்ட கேசட் அப்போது அதிகம் விற்கவில்லை. 2015இல் ஜப்பானிய இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் மீதி கேசட் இருக்கிறதா என்று அவருக்கே மின்னஞ்சல் அனுப்பினார். இருந்தது! அதிலிருந்துதான் மறுவெளியீடு, கச்சேரி எல்லாம், எழுபது வயதுக்குப் பிறகு.

உங்கள் ஆளும் எங்காவது இருக்கலாம். கிடைத்தால் முதலில் அந்த வேவ் கோப்பை அவருக்கு அனுப்புங்கள், அவரிடமே பிரதி இல்லாமல் இருக்கலாம்.