வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். வேறொரு நாட்டில் போய்த் தங்கி இதே வேலையைச் செய்ய நீண்டகால விசா கிடைக்குமா?

கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தேன். கும்பகோணம் பக்கம் வீடு, ஐந்து வருடமாக வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒப்பந்த வேலை, சம்பளம் தகுதிக்குப் போதுமா என்று பயம், ஏஜென்ட் ஒருவர் 60 ஆயிரம் கேட்கிறார். சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் பாஸ்போர்ட், வங்கி பாஸ்புக், கம்பெனி ஒப்பந்தம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நான்கையும் தரையில் வரிசையாகப் போடுங்கள். நான்கிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிட்டுப் போகலாம். நம் ஊர்க்காரர் என்றால் இருக்காது.

என் நிஜப் பெயரை இங்கே எழுத மாட்டேன். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கோவிந்தராசு, வீட்டுக்காரர் ரவி. மன்னார்குடி பக்கத்துக் கிராமம். நெதர்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. மார்க் ஷீட்டில் நான் ‘செல்வி கோ’. பாஸ்போர்ட்டில் வெறும் ‘செல்வி’, குடும்பப் பெயர் கட்டம் காலி. கல்யாணத்துக்குப் பிறகு ஆதார் திருத்தப் போன இடத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்காமலே ‘செல்வி ஆர்’ ஆக்கிவிட்டார்கள், வங்கிக் கணக்கும் அதன் பின்னாலேயே போய்விட்டது. கம்பெனியில் சேரும்போது இணையப் படிவம் குடும்பப் பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகரவே இல்லை. அப்பா பெயரைத் தட்டினேன். அவசரத்தில் ராசு ‘ராஜு’ ஆகிவிட்டார்.

அதிலிருந்து மீட்டிங் திரையில் என் படத்துக்குக் கீழே அப்பா பெயர்தான் பெரிதாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் “ஹலோ கோவிந்தராஜு” என்பார்கள். அப்பா 2020இல் போய்விட்டார். அந்த ஒரு வருடம் இந்த ஹலோ கேட்டால் மைக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

சும்மா என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண் நம் ஊரில் தெருவுக்கே பொதுச்சொத்து. எதிர்வீட்டுக்காரர்கள் வேளாங்கண்ணிக்குப் போனால் சாவி என்னிடம். பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டருக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கு நான் காபி போட வேண்டும், அதுவும் சரியாக மதியம் ஒன்றரைக்கு மேல், என் மீட்டிங் தொடங்கும் நேரத்தில். “நீதான் வீட்ல சும்மா இருக்கியேம்மா.” வீட்டுக் கடனில் பாதியை அடைத்த சும்மா இது. ரவி உரக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால்கூட ‘கடையில் இருக்கார், தொந்தரவு பண்ணாதே’ என்பார்கள். போதும், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படி ஒரு நாள் பொறுக்க முடியாமல்தான் 2024 ஐப்பசியில் தேட ஆரம்பித்தேன். குடும்பத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவள் என்று யாராவது கீழே எழுதத் தயாராக இருந்தால், என் மாமியாரே “போய்ட்டு வாடி, நான் பாத்துக்கறேன்” என்றுதான் அனுப்பினார் என்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள். இதே ஊரிலிருந்து ஆண்கள் போனால் அதற்குப் பெயர் பொறுப்பு.

முதலில் பார்த்தது தாய்லாந்து. 2024 ஜூலையில் டிடிவி என்று ஒரு விசா கொண்டுவந்தார்கள். ஐந்து வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம், கட்டணம் 10,000 பாட். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கில் 5 லட்சம் பாட் இருப்புக் காட்டச் சொல்கிறார்கள். நம் பணத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். எங்கள் வீட்டில் பணம் கணக்கில் நிற்காது. நகையாக நிற்கும், நிலமாக நிற்கும், குறுவைக்கு முன்னால் அடகாக நிற்கும்.

மலேசியாவில் இருப்பைவிட வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கே இதற்குத் தரும் பாஸுக்கு டிஇ ரந்தாவ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது. ரந்தாவ் என்பது ஊரை விட்டுப் போய்ப் பிழைப்பதைச் சொல்லும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாம். எங்கள் ஆயா இதையே ‘சீமைக்குப் போறது’ என்பார். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை பாஸ் தருகிறார்கள், பிறகு இன்னொரு பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். கணினி, டிஜிட்டல் வேலை என்றால் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் வருமானம் வேண்டும், மாதம் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் மற்ற துறைகளுக்கும் திறந்துவிட்டார்கள், அவர்களுக்கு 60,000 டாலர். கட்டணம் 1,000 ரிங்கிட், நம் பணத்துக்குச் சுமார் 20 ஆயிரம். கூட வரும் ஒவ்வொருவருக்கும் 500 ரிங்கிட். இதெல்லாம் நான் போட்டபோது இருந்த நிலை. விதி மாறிவிட்டது என்று நாளைக்கு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், அவர்கள் தளத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் எல்லாப் பக்கங்களும் வேண்டும் என்றார்கள். அட்டை, வெற்றுப் பக்கம் உட்பட. நடுக்கூடத்து ஜன்னலுக்குக் கீழே பாஸ்போர்ட்டை வைத்து, விரலால் அமுக்கிப் பிடித்து, போன் நிழல் விழாமல் 36 பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை முறத்தில் அரிசியோடு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏன்டி, ஒண்ணுமே எழுதாத தாளயெல்லாம் ஏன் போட்டோ புடிக்கிற?”

“ஒண்ணும் எழுதலன்னு காட்டத்தான் அத்தை.”

“ஒண்ணும் எழுதலன்னு காட்ட ஒரு போட்டோவா” என்று முனகிக்கொண்டே கல் பொறுக்கப் போய்விட்டார்.

ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் ஓட வேண்டும். கம்பெனிக் கடிதத்தில் ‘இவர் எந்த நாட்டிலிருந்தும் இந்த வேலையைச் செய்யலாம்’ என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள். என் மேலாளர் முதலில் அனுப்பிய கடிதத்தில் நான் மிக நல்ல பெண் என்பது மட்டும்தான் இருந்தது. மறுபடி கேட்டு வாங்கினேன். மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், டிகிரி சர்டிபிகேட், பயோடேட்டா எல்லாம் போட்டு அனுப்பினேன். வருமானம் தகுதிக்கு மேலேயே இருந்தது, அதனால் நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரே ஒரு வரி வந்தது. வங்கிக் கணக்கின் உரிமையாளரும் விண்ணப்பதாரரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் தருக.

நியாயமான கேள்விதான். சம்பளம் வாங்குகிறவர் செல்வி கோவிந்தராஜு, அது போய் விழுவது செல்வி ஆர் கணக்கில், விமானம் ஏறப்போகிறவர் வெறும் செல்வி. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மூன்று பெண்கள். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்கு, அதாவது இதே மலேசியாவின் கெடாவுக்குப் போனபோது இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காது.

இனிஷியலைக் குறை சொல்கிறாளே என்று கிளம்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயருக்குப் பின்னால் சாதியைத் தொங்கவிடாத வழக்கம் எனக்கும் பெருமைதான். சாதிப் பெயரை விடச் சொன்ன 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு எனக்கும் தெரியும். என் கோபம் இனிஷியல் மேல் இல்லை. ஒவ்வொரு கவுன்டரிலும் ஒவ்வொரு மாதிரி அடித்துக் கொடுத்துவிட்டு ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ என்று சொல்லி அனுப்புகிறார்களே, அதன் மேல்தான்.

வங்கியில் என் மனுவைப் படித்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“வீட்டுக்காரர் இனிஷியல எடுக்கச் சொல்றீங்க. வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா?”

“இல்லீங்க மேடம். பாஸ்போர்ட்ல இல்ல, அதான்.”

“அவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா நல்லாருக்கும்.”

என் கணக்கு, என் பெயர், என் பாஸ்போர்ட். அவர் கையெழுத்து எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வேலை ஆக வேண்டுமே. ரவி கடையைச் சாத்திவிட்டு, மூட்டை இறக்கிய உரத்தூசி சட்டையோடு வந்து நின்றார். “எடுத்துடுங்க மேடம். அது அங்க இருக்கறதால இவ சம்பளம் இவளுது இல்லங்கறாங்களாம்.” பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். பத்து நாளில் மாறியது.

கோர்ட் வாசலில் நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டேன். ‘செல்வி கோ, செல்வி ஆர், செல்வி கோவிந்தராஜு ஆகிய மூவரும் ஒருவரே.’ டைப் அடித்த பையன் “மும்மூர்த்தி மாதிரி இருக்குக்கா” என்றான். கம்பெனி ஒப்பந்தத்தை ‘பாஸ்போர்ட்டில் செல்வி என்று உள்ளவர்’ என ஒரு வரி சேர்த்துத் திருத்தி வாங்கினேன். புதுப் பெயரில் மூன்று மாத ஸ்டேட்மென்ட் சேரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். 2025 மார்ச்சில் பாஸ் கையில். பெயர் சரியாக இருந்திருந்தால் பொங்கலுக்கு முன்பே போயிருப்பேன்.

உங்கள் ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா ஏஜென்டும் மோசம் என்று சொல்லவில்லை, என் தம்பியையே ஓர் ஏஜென்ட்தான் ஒழுங்காக அனுப்பிவைத்தார். ஆனால் நான் முதலில் போய்க் கேட்டவர் 45 ஆயிரம் சொல்லிவிட்டு, “விசிட்ல போயிடுங்க மேடம், அங்க போய் மாத்திக்கலாம்” என்றார். இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் நுழைய இப்போது சலுகை இருக்கிறது, 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். அது சுற்றிப் பார்க்கத்தான். விசிட்டில் போய் மாட்டிக்கொண்டவர் கதை நம் மாவட்டங்களில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது, உங்களுக்கே தெரியும். அந்தச் சலுகையை நான் வேறு மாதிரிப் பயன்படுத்திக்கொண்டேன். ரவியும் பையனும் மே லீவில் அதில்தான் திருச்சியிலிருந்து வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனார்கள், ஆளுக்கு 500 ரிங்கிட் மிச்சம். கிளம்புவதற்கு முன் மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், மறக்காதீர்கள். இந்தப் பாஸில் மலேசியக் கம்பெனிக்கு வேலை பார்க்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாஸ் வாங்கப் போன கவுன்டரில் ஒரு தமிழ்ப் பெண். என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா பேரு இல்லியாக்கா?” என்றாள். நான் பையிலிருந்து மும்மூர்த்திப் பத்திரத்தை எடுக்கப் போனேன். அவள் கையசைத்துவிட்டு, “இங்க நாங்க எல்லாருமே ஏ/பி போட்டு அப்பா பேரு எழுதுவோம், அதான் கேட்டேன்” என்றாள். அனாக் பெரம்புவான், மகள் என்று அர்த்தமாம். பையனுக்கு ஏ/எல். குடும்பப் பெயர் என்று ஒன்றும் கிடையாது, அடையாள அட்டையிலேயே அப்படித்தான். பினாங்கில் நான் இருந்த அடுக்குமாடி வாட்ச்மேனும் என்னைக் கேட்டுக் கேட்டுப் பதிவேட்டில் செல்வி ஏ/பி கோவிந்தராசு என்று எழுதிக்கொண்டார். ராசு, ராஜு இல்லை.

வேலை நேரத்தை யோசித்துக்கொள்ளுங்கள். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். மன்னார்குடியில் குளிர்காலத்தில் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கும் ஐரோப்பிய வேலை அங்கே நாலு மணிக்குத் தொடங்கும், முடியும்போது நடுராத்திரி. வரிக்கு 182 நாள் கணக்கு (அத்தனை நாள் தங்கினால் அந்த நாட்டில் வசிப்பவராக எடுத்துக்கொள்வார்கள்) இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. நான் 182ஐத் தொடாமல் ஆகஸ்ட் கடைசியில் திரும்பிவிட்டேன். பையனும் போனில் அழ ஆரம்பித்திருந்தான். அதைத் தாண்டித் தங்குவதாக இருந்தால் டிக்கெட் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள், என்னை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் நான்கு தாளிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று கமென்டில் போடுங்கள் (முழுப் பெயர் வேண்டாம், இனிஷியல் எங்கே நிற்கிறது என்று மட்டும்). எதை முதலில் மாற்றலாம் என்று சொல்கிறேன். உடனே பதில் வராவிட்டால் கோபிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கு சிலிண்டர் வந்திருக்கிறது, வாங்கி வைத்துவிட்டு வருகிறேன்.