குறையை எப்போது சொல்வது, பாராட்டை எப்போது சொல்வது

"பிறரைப் பாராட்டவும் வேண்டும், குறையும் சொல்ல வேண்டும், மனம் நோகாமல் எப்படிச் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை தாராவியில் பதினெட்டு ஆண்டுகளாகத் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள்தாம் வேலைக்கு வருகிறார்கள். பாராட்டும் குறையும் சொல்லாமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, யாரை எங்கே புகழலாம் என்று கணக்காகச் சொல்கிறது: நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசானை எல்லா இடத்திலும், மனைவியைப் பஞ்சணையில், பிள்ளைகளை நெஞ்சுக்குள், 'வினையாளை வேலை முடிவில்'. அந்தக் கடைசி வரியைப் பட்டறையில் தினமும் பார்க்கிறேன். பாதி வேலையில் "பிரமாதம்" என்றால் கை அசந்துவிடும். குறையை எப்போது சொல்வது என்று பாட்டில் இல்லை. என் அனுபவத்தில், வேலை முடிவதற்குள், திருத்த வழி இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முடிந்தபின் சொன்னால் அது வசவாகத்தான் காதில் விழும்.

இதை ஒரு பையனை நோகடித்துத்தான் கற்றேன். புதிதாக வந்தவன், நாற்பது பைகளுக்குக் கைப்பிடி தைத்தான். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்காக இரண்டு தையல் போட வேண்டும். பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். அவன் சதுரத்தோடு நிறுத்தியிருந்தான். நாற்பதும் முடிந்த பிறகு, ஆறு பேர் முன்னிலையில், "உனக்கெல்லாம் யார் தையல் சொல்லிக்கொடுத்தது?" என்று கத்தினேன். அடுத்த வாரம் தையல் தப்பிய மூன்று பைகளைக் கட்டின் அடியில் ஒளித்து வைத்திருந்தான். தோலில் ஊசி இறங்கிய துளை மூடாது, பிரித்துத் தைத்தாலும் தடம் நிற்கும். அதைக் காட்ட அவனுக்குப் பயம். அந்தப் பயத்தை ஊட்டியவன் நான்.

எங்கள் பட்டறையின் மூத்த அண்ணாச்சி வேறு மாதிரி. முதல் பை இறங்கியதுமே அதைத் தைத்தவன் கையில் கொடுத்து, "இழுத்துப் பார், தம்பி" என்பார். நூல் நெகிழ்வதை அவனே காண்பான். அதற்கு மேல் பேச்சில்லை. சாயங்காலம் கட்டுப் போடும்போது, "அந்த மூலையில் நூலைத் திருப்பிய இடம் சுத்தமாக இருந்தது" என்பார். மறுநாள் எல்லா மூலையும் அப்படியே வரும்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் ஔவையோடு உடன்படவில்லை. என் மகளை வாய்விட்டே பாராட்டுகிறேன். ஆனால் "நீ கெட்டிக்காரி" என்று சொல்வதில்லை. அமெரிக்காவில் கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தோல்வி வந்ததும் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். "அந்தக் கணக்கை மூன்றாம் தடவையும் போட்டுப் பார்த்தாயே" என்றால் அவள் முகம் மலர்வதை நானே பார்க்கிறேன்.

அந்தப் பையனிடம், கத்திய அதே இடத்தில், அதே ஆறு பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். சில மாதங்கள் பிடித்தன. இப்போது தையல் தப்பினால் அவனே பையை என் மேஜைக்கு எடுத்து வந்து, "அண்ணாச்சி, இது தப்பிவிட்டது, பாருங்கள்" என்கிறான்.