தலையீற்று ஆடு பால் கறக்க விடாமல் உதைக்கிறது, விற்றுவிடலாமா?

"முதல் ஈற்று வெள்ளாடு, குட்டி போட்டு ஒரு வாரம் ஆகிறது, மடியில் கை வைத்தாலே உதைக்கிறது. காலைக் கட்டிக் கறக்கச் சொல்கிறார்கள், முடியாவிட்டால் கறிக்கு விற்றுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்காதீர்கள். முதலில் உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கதை, நேரம் இருந்தால் படியுங்கள்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தாராபுரத்துக்குக் கிழக்கே, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாக அப்பா விட்டுப்போன கொரங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் நிலம், நாலு ஏக்கர் இருக்கிறது. ஓய்வுபெற்றதும் ஆடு வளர்க்க வந்துவிட்டான் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆட்டின் காலடியில் குந்தி உட்கார்ந்து உதை வாங்கியவன் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.

முதல் ஆட்டின் பெயர் செவலை. கன்னிவாடிச் சந்தையில் சினையாக வாங்கியது, தலைச்சேரிக் கலப்பு. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். விற்றவர் நாலு மாதம் என்றார், சொன்ன கணக்கில் இரண்டு குட்டி போட்டது. சீம்பாலில் கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்ததால் நான்கு நாள் குட்டிகளுக்கே விட்டேன். ஐந்தாம் நாள் காலை எவர்சில்வர் போசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காம்பைத் தொட்டதுதான் தெரியும், போசி வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

உங்களுக்குச் சொல்கிறவர்கள் மாதிரியே எனக்கும் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். பின்னங்கால்கள் இரண்டையும் கயிற்றால் பிணைத்துக் கட்டுத்தறியில் சேர்த்துக் கட்டினேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். செவலை நடுங்கியது, கத்தியது, ஒருமுறை அப்படியே முன்னங்காலை மடித்துப் படுத்தேவிட்டது. அரை மணி நேரம் பிழிந்து ஒரு டம்ளர் பால்கூடத் தேறவில்லை. அவிழ்த்துவிட்டதும் குட்டிகள் ஓடிவந்து முட்டி முட்டிக் குடித்தன, வாயோரத்தில் நுரை வழிந்தது. "பாலை ஒளித்துக்கொள்கிறது, திருட்டு ஆடு" என்று சொன்னவன் நான்தான். பன்னிரண்டாம் நாள் குட்டிகளோடு சேர்த்து அதே சந்தைக்கு ஓட்டிப்போய், வாங்கிய விலைக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கியவர் வளர்ப்புக்கு வாங்கினாரா கறிக்கு வாங்கினாரா என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது வசதியாக இருந்தது.

விற்கும்போது அதன் இடது காம்பின் மேல்புறத்தில் ஒரு சின்னப் பொருக்கு இருந்தது, பிறைவடிவில். குட்டி கடித்திருக்கும் என்று வேப்பெண்ணெய் தடவி வைத்திருந்தேன். குட்டிகளுக்குச் சில நாளிலேயே கீழ்வரிசைப் பல் இருக்கும், கடிக்கவும் செய்யும், ஆகவே அந்த ஊகத்தில் தப்பில்லை. ஆனால் அந்தப் பிறை குட்டியின் பல்லால் ஆனதல்ல. நான் மேலே நகத்தைச் சொல்லிவிட்டதால் நீங்கள் இப்போதே புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

அடுத்த ஆடு கருப்பி. குட்டியிலிருந்தே நான் வளர்த்தது, கூப்பிட்டால் வரும், என் சட்டைப் பையை மோந்து பார்க்கும். அதுவும் தலையீற்றில் ஒற்றைக் குட்டி போட்டு, நான் கறக்க உட்கார்ந்ததும் உதைத்தது. என்னைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு வருகிற ஆடு, போசியோடு வந்தால் மட்டும் நடுங்குகிறது! கோபத்தைவிட அவமானமாக இருந்தது. பக்கத்துக் காட்டு ஆத்தாவைக் கூப்பிட்டேன். அவர்கள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து ஆடு மேய்த்தவர்கள், வயது எழுபதுக்கு மேல். ஆட்டைப் பிடித்துக் காட்டப் போனேன். "ஆடு இருக்கட்டும் சாமி, கையைக் காட்டு" என்றார்கள்.

முப்பத்தொரு வருடமும் வழக்குக் கட்டுகளின் கயிற்று முடிச்சை அவிழ்ப்பதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் நீளமாக விட்டு வைத்திருப்பேன். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான். ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. ஆத்தா அந்த விரலைப் பிடித்து, நகத்தை என் உள்ளங்கையிலேயே ஓர் அழுத்து அழுத்தினார்கள். கையை இழுத்துக்கொண்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அரிவாள்மனை எங்கே என்று மட்டும் கேட்டார்கள். நல்லவேளை, என் மனைவி நகவெட்டியோடு வந்தாள்.

நகம் மட்டும் தப்பு என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நான் கறந்த முறையே தப்பு. தலையீற்று ஆட்டுக்குக் காம்பு குட்டையாக இருக்கும், ஆண்பிள்ளையின் கை முழுதாகக் கொள்ளாது. அதனால் நம்மை அறியாமல் கட்டைவிரலை மடக்கி, முட்டியால் நசுக்கிக் கீழே இழுக்கிறோம். காம்பு இழுப்பதற்கு உள்ளது அல்ல. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து காம்பின் மேல்பக்கத்தை வளையம்போல மூட வேண்டும், பால் மேலே திரும்பிப் போகாமல் இருப்பதற்கு. பிறகு நடுவிரல், அதற்குப் பிறகு மோதிர விரல் என்று வரிசையாக மூடினால் பால் தானாகப் பீச்சும். பிடியை விட்டால் மறுபடி காம்பில் பால் நிறையும். காம்பு குட்டையாக இருந்தால் இரண்டு விரல், மூன்று விரல் போதும். ஆத்தா ஒரு பாலித்தீன் கையுறையில் தண்ணீர் ஊற்றி, விரல்நுனியில் ஊசியால் குத்திக் கொடுத்து, "ரெண்டு நாள் இதைக் கற" என்றார்கள். பேரன் பள்ளிக்கூடத்தில் கற்றுவந்த வித்தையாம். ஓய்வூதியக்காரன் திண்ணையில் உட்கார்ந்து கையுறையைக் கறந்ததை ஊரே பார்த்தது. பரவாயில்லை.

"ஒளித்துக்கொள்கிறது" என்பதில் பாதி உண்மை உண்டு. காம்பில் இதமான தொடுதல் பட்டால் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு வந்து மடியின் மேல்பகுதிப் பாலைக் கீழே இறக்கும். பயமும் வலியும் வந்தால் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். ஆட்டுக்கு ஒரு வசதி, பசுவைப்போல அல்லாமல் பாலின் பெரும்பகுதி மடியின் கீழறையிலேயே தேங்கியிருக்கும். அதனால்தான் குட்டி பக்கத்தில் இல்லாமலேயே ஆட்டைக் கறக்க முடிகிறது. கட்டிப்போட்டுப் பிழிந்தால் அந்தக் கீழறைப் பாலும் ஒழுங்காக வராது, மேலே நிற்பதும் இறங்காது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் அந்த ஆக்ஸிடோசினையே ஊசியாகப் போட்டுவிடலாமே" என்று ஒருவர் வருவார். எனக்கும் ஒருவர் சொன்னார். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், 12-ஆம் பிரிவு: கறவை உயிரின் உடலுக்குக் கெடுதலாக, பால் சுரப்பைக் கூட்டுவதற்கு ஊசி போடுவது உட்பட எதைச் செய்தாலும் குற்றம். எழுத்தர் என்பதால் பிரிவு எண் நினைவில் இருக்கிறது. காந்தி பாலே வேண்டாம் என்று விரதம் எடுத்தது, பசுவையும் எருமையையும் கொடுமைப்படுத்திக் கறந்த முறையைக் கேள்விப்பட்டுத்தான். பிறகு நோயில் விழுந்து கிடந்தபோது, "விரதம் எடுக்கையில் ஆடு உங்கள் மனதில் இருந்திருக்காது" என்ற பொருளில் கஸ்தூர்பா வாதாடித்தான் ஆட்டுப்பால் குடிக்க வைத்தார். நான் பார்த்த எந்த வழக்கறிஞருக்கும் குறையாத வாதம்.

பின்னாலிருந்து கறப்பதா, பக்கவாட்டிலிருந்தா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆத்தா பின்னால் குந்தித்தான் கறப்பார்கள். பின்னாலிருந்தால் புழுக்கை போசியில் விழும் என்பது எதிர்வாதம், அதுவும் சரிதான். எனக்கு முழங்கால் வலி, ஆகவே பழைய பலகைகளை வைத்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடை செய்து ஆட்டை அதில் ஏற்றிவிட்டு, முக்காலி போட்டுப் பக்கவாட்டில் உட்காருகிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தினமும் அதே பக்கம் உட்காருங்கள். முதல் நாலு நாள் கறக்கவே வேண்டாம், மேடையில் ஏற்றி ஒரு கைப்பிடி கம்பும் கடலைப் புண்ணாக்கும் வைத்து, அது தின்னும்போது வயிற்றைத் தடவி, மடியைத் தொட்டு, இறக்கிவிடுங்கள். கைப்பிடி என்றால் கைப்பிடிதான். தானியத்தை அள்ளி வைத்தால் வயிறு உப்பிவிடும், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

நகம் வெட்டிய மறுநாளே கருப்பி பசுவாகிவிடவில்லை. ஒன்பது நாள் ஆயிற்று. உதைக்கிற காலைப் பிடித்து இழுக்காமல், காம்பிலிருந்து கையையும் எடுக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது ஆத்தாவின் ஒரே கட்டளை. உதைத்ததும் கையை எடுத்தால், உதைத்தால் இவன் போய்விடுவான் என்று அது கற்றுக்கொள்ளுமாம். எழுத்தர்களுக்கும் வழக்காடுபவர்களுக்கும் இடையில் நடப்பது இதேதான்.

இன்னொன்று. உங்கள் ஆடு போட்டது ஒற்றைக் குட்டியா? நீங்கள் எழுதவில்லை. ஒற்றைக் குட்டி பெரும்பாலும் ஒரே காம்பில் குடித்துப் பழகிவிடும், மறுபக்கம் கல்லாகிவிடும். கருப்பிக்கு அப்படி ஆனது. தலையீற்றில் மடி கொஞ்சம் வீங்கி இறுகியிருப்பது இயல்புதான், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றினால் இளகும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சூடாக, சிவந்து, தொட்டால் வலியில் நெளிந்தால் அது மடிநோய். உதைக்கிற ஆட்டில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், நான் நகத்தை முதலில் சொன்னது என் குற்றவுணர்ச்சியால். முதல் இரண்டு பீச்சுப் பாலை ஒரு கறுப்புத் துணிமேல் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ ரத்தக் கீற்றோடோ வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து ஏற்றினால் அவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலை வீட்டுக்கு எடுக்கக் கூடாது. கறந்து முடித்த பிறகு காம்பின் துளை மூட ஏறத்தாழ அரை மணி நேரமாவது ஆகும். உடனே சாணியிலும் ஈரத்திலும் படுத்தால் நோய் அந்த வழியாகத்தான் ஏறும். அகத்திக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் நின்று தின்றுகொண்டிருக்கும்.

"குட்டியின் பாலைத் திருடிவிட்டு உபதேசமா" என்று ஒரு பின்னூட்டம் வரும், அதையும் எதிர்பார்க்கிறேன். பிறந்த குட்டிக்கு முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது சீம்பால் போக வேண்டும், அதாவது இரண்டு கிலோக் குட்டிக்கு 200 மில்லி, முதல் வாய் ஒரு மணி நேரத்துக்குள். அதில் நான் ஒருபோதும் கை வைத்ததில்லை. இப்போதெல்லாம் இரண்டு வாரம் கழித்துத்தான் குட்டியை இரவில் கொடாப்பு என்கிற கூடைக் கூண்டில் அடைத்து, காலையில் ஒரு வேளை மட்டும் கறப்பேன், பகல் முழுவதும் குட்டிக்கு. கருப்பி தலையீற்றில் காலையில் அரை லிட்டர் தந்தது. முதல் ஈற்றில் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து ஆட்டை எடைபோடாதீர்கள்.

அந்த அரை லிட்டரில் பாதி எங்கே போனது தெரியுமா? பெரியப்பா மகனுக்கு. பெரியம்மாவுக்கு இளைப்பு, ஆட்டுப்பால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். தினமும் ஆறு மணிக்கு வந்து நிற்பார். காசு கேட்கவில்லை, பெரியம்மா என்னை வளர்த்தவர்கள். ஆனால் என் தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டு போனார், அது என் அம்மாவின் பெயர் வெட்டிய போசி. நாலு வருடம் ஆகிறது, இன்னும் வரவில்லை. கேட்டால் "எந்தப் போசி?" என்கிறார். இதில், பாலில் கிடாய் நாற்றம் அடித்தது என்று ஊரெல்லாம் வேறு சொல்லியிருக்கிறார். கிடாயைப் பால் கறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டினால் நாற்றம் ஏறும் என்பது உண்மை. என்னிடம் அப்போது கிடாயே கிடையாது! முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வழக்குகளைக் கட்டிவைத்தவனுக்கு ஒரு போசிக்கு வழக்குப் போட மனது வரவில்லை.

சரி, உங்கள் ஆட்டுக்கு வருகிறேன். இன்று மாலை குட்டி குடித்து முடித்ததும், இரண்டு காம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பொருக்கு இருக்கிறதா, இருந்தால் என்ன வடிவம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் ஆத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.