மேடை ஏறாத உடுப்புதான் தெருவுக்கு வந்தது

பாலே என்ற மேற்கத்திய மேடை நடனத்தின் உடைகள் நம் அன்றாட உடையையும் மாற்றிவிட்டன என்று போன இதழில் நாலே வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்களா! முப்பது வருஷம் மேடைக்கு உடுப்புத் தைத்தவள் நான். ஊசி, நூல் பேச்சை எடுத்தால் நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தட்டையான கட் ஷூவை ‘பாலே ஷூ’ என்கிறார்கள். விரல் நுனியில் நின்று ஆடுகிறார்களே, அந்த ஷூவா இது? (கல்லூரி மாணவி)

இல்லை மகளே. நுனிவிரலில் நிற்கும் ஷூவின் மூக்கில் துணியையும் காகிதத்தையும் பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் பத்தடிக்குள் சுளுக்கு நிச்சயம். நீ போட்டிருப்பது பயிற்சிக் கூடத்து மெத்தென்ற ஷூவின் பேத்தி. இரண்டாம் உலகப் போரில் தோல் தட்டுப்பாடு வந்த சமயம், அமெரிக்காவில் கிளேர் மெக்கார்டெல் என்ற உடை வடிவமைப்பாளர், நடன ஷூ செய்யும் கேப்பீசியோ நிறுவனத்திடம், ‘இதற்குக் கொஞ்சம் கெட்டியான அடி வைத்துக் கொடுங்கள், வெளியே போட்டுக்கொள்ளலாம்’ என்று கேட்டார். தன் உடைகளுக்கு ஜோடியாக அதையே போடவைத்தார். பிரான்ஸில் ரோஸ் ரெப்பெட்டோ, நடனக்காரரான தன் மகன் ரோலாண்ட் பெட்டிக்காக 1947-இல் ஷூ செய்ய ஆரம்பித்தவர். 1956-இல் நடிகை பிரிஜித் பார்தோ கேட்டதற்காக வெளியில் போடுகிற ஷூ ஒன்றைச் செய்தார். பார்தோவும் பாலே பயின்றவர்தான். அந்த ஷூவை உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்துவிட்டு, பிறகு புரட்டி எடுப்பார்கள். தலையணை உறை தைக்கும் அதே வித்தை! தோல் ஷூவில் அதைச் செய்துபார்த்தால்தான் அருமை தெரியும்.

கேள்வி: ‘டூட்டூ’ என்ற அந்தக் குடைப் பாவாடையை யாரும் தெருவில் போடுவதில்லை. அப்புறம் எப்படி பாலே நம் உடையை மாற்றியது என்கிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நல்ல கேள்வி ஐயா. என் கட்சியே அதுதான். மேடை உடுப்பை மக்கள் பார்த்து ரசித்தார்கள். உடுத்தியது என்னவோ ஒத்திகை உடுப்பைத்தான். தசை குளிர்ந்து பிடித்துக்கொள்ளாமல் இருக்கக் காலில் மாட்டிய கம்பளி உறை 1980-களில் நடனப் படங்களோடு ஊரெங்கும் பரவியது. மூச்சு வாங்கும்போது உடம்பு சில்லிடாமல் இருக்க, மார்புக்குக் குறுக்கே சுற்றி இடுப்பில் முடிந்த சின்ன மேலுடுப்புதான் உடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் 1974-இல் கொண்டுவந்த சுற்றுக்கட்டு கவுனுக்கு விதை. உடம்போடு ஒட்டும் ஒற்றை உடுப்பான லியோடார்ட் மட்டும் சர்க்கஸ் சொத்து. 1870-இல் இறந்துபோன ஜூல் லியோடார் என்ற பார் விளையாட்டுக்காரரின் பெயர் அது. அவருடைய வாயில் அதற்குப் பெயர் ‘மையோ’.

ஆனால் 1958-இல் ஸ்பான்டெக்ஸ் என்ற, இழுத்தால் நீண்டு திரும்பச் சுருங்கும் இழை கண்டுபிடிக்கப்படும்வரை, காலோடு ஒட்டவேண்டிய உடுப்புகள் முழங்காலில் தொளதொளவென்று தொங்கின. பின்னல் துணி இழுத்தால் நீளும், திரும்பச் சுருங்காது. புகழ் முழுவதையும் வடிவமைப்பாளருக்குக் கொடுத்துவிட்டு இழையை மறந்துவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: உங்கள் கட்சி தப்பு. 1910-இல் பாரிஸில் ‘ஷெஹராசாட்’ பாலேயைப் பார்த்துவிட்டுத்தானே சீமாட்டிகள் தலைப்பாகையும் தொளதொள சல்வாரும் போட்டார்கள்? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

மாட்டிக்கொண்டேன்! லியோன் பாக்ஸ்ட் அதற்கு வரைந்த உடைகள் பாரிஸையே கிறுகிறுக்க வைத்தது உண்மைதான். அந்த மோஸ்தரைத் தைத்து விற்ற போல் புவாரே மட்டும், ‘பாக்ஸ்ட்டைப் பார்த்து நான் செய்யவில்லை, எனக்கு முன்பே பேர் உண்டு’ என்று சாதித்தார். எந்தத் தையல்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்?

கேள்வி: உடையில் தீப்பிடித்து நடனப் பெண்கள் இறந்தார்களாமே? (இல்லத்தரசி)

இறந்தார்கள் அம்மா. 1832-இல் மாரி தாலியோனி ‘லா சில்ஃபீட்’ ஆடியதிலிருந்து மெல்லிய வெள்ளைத் துணியில் மணி வடிவப் பாவாடைதான் பாலேவின் அடையாளம். அடுக்குக்கு அடுக்கு காற்று, மேடை ஓரத்தில் காஸ் விளக்குச் சுடர். வேறென்ன வேண்டும்? தாலியோனியிடமே பயின்ற எம்மா லிவ்ரி, 1862 நவம்பரில் பாரிஸ் ஆபெராவில் ஒத்திகையின்போது பாவாடையை உதறினாள். பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலையில், இருபது வயதில் போய்விட்டாள். தீப்பிடிக்காத மருந்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. விறைப்பாகி நிறமும் மங்கும் என்பதால் அவளே வேண்டாம் என்றிருந்தாள். எரிந்ததில் மிஞ்சிய துண்டுகளை ஆபெரா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. விறைத்த துணி ஆடும்போது சொன்ன பேச்சைக் கேட்காது.

கேள்வி: ஆண்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லையா? (ஒரு தம்பி)

வேலையே போயிருக்கிறது. 1911-இல் ‘ஜிஸெல்’ ஆடும்போது டைட்ஸ் என்ற காலோடு ஒட்டும் உடுப்பின் மேல் போடவேண்டிய குட்டைக் கால்சட்டையைப் போடாமல் வந்தார் என்று நடனக்காரர் நிஜின்ஸ்கியை ரஷ்ய அரச அரங்கிலிருந்து நீக்கினார்கள்.

கேள்வி: பாலே டைட்ஸ் ஏன் எப்போதும் இளஞ்சிவப்பு? (பள்ளி மாணவி)

வெள்ளைத் தோலின் தொடர்ச்சியாகக் கால் தெரியவேண்டும் என்பதற்காக. கறுப்பான பெண்ணுக்கு அதே நிறத்தைப் போட்டால் இடுப்போடு உடம்பு வெட்டுப்பட்டதுபோல் தெரியும். அமெரிக்காவில் கறுப்பின நடனக்காரர் ஆர்தர் மிட்செலின் ஹார்லெம் நடனக் குழு 1970-களில் அவரவர் தோல் நிறத்துக்கு டைட்ஸையும் ஷூவையும் சாயமிட ஆரம்பித்தது. மற்ற குழுக்களில் இருந்த கறுப்பினப் பெண்கள் முகப்பூச்சை எடுத்து ஷூவில் தடவிக்கொண்டு காலம் தள்ளினார்கள். பாலே ஷூ செய்யும் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிற நுனிவிரல் ஷூவை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 2018-இல்தான்!

கேள்வி: மகள் டூட்டூ கேட்டு அடம் பிடிக்கிறாள். வீட்டில் தைக்க முடியுமா? (ஒரு தாய்)

முடியும். விறைப்பான நெட் துணி வாங்குங்கள். அடியில் குட்டையான அடுக்கு, மேலே போகப்போக அகலம் கூட்டிக்கொண்டே போங்கள். பெரியவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு அடுக்கு வரும், குழந்தைக்கு ஐந்து போதும். பாவாடையை இடுப்பிலேயே சேர்க்காதீர்கள். இடுப்பெலும்பு வரை இறங்கும் ஒரு பட்டை தைத்து, அதன் கீழே இணையுங்கள். அடுக்குகளை ஒன்றோடொன்று அங்கங்கே நீளமான தளர் தையலால் பிடித்துவிட வேண்டும். இழுத்துப் பிடித்தால் குடை மடங்கிவிடும்.

என் முதல் டூட்டூவை இரவு அழகாக நேராக மாட்டிவைத்தேன். காலையில் பார்த்தால் மழையில் நனைந்த கோழி! பதற்றத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். செயற்கை நெட் உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே தலைகீழாகத் தொங்கவிடுங்கள், சூட்டைக் காட்டாதீர்கள். விழா முடியும்வரை மகளை மட்டும் எங்கேயும் உட்கார விடாதீர்கள்.