மூன்றரை இலட்சத்துக்குப் புதிய போன் வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் இணையவழியில் நடந்த 2021 ஆம் ஆண்டில் வாங்கிய நடுத்தர விலைத் திறன்பேசியையே இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது பகல் பன்னிரண்டு மணிக்குள் பற்றரி இறங்கிவிடுகிறது. குளிர் கூடிய காலை வேளைகளில் 30 வீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென அணைந்துவிடுகிறது. சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்ற அறிவித்தலும் தினமும் வருகிறது. எங்கள் லயத்தில் சிக்னல் சரியில்லை. பேச வேண்டுமானால் கோயிலடிக்கு ஏற வேண்டும். ஹற்றனில் ஒரு கடையில் விலைகூடிய புதிய மாதிரி ஒன்றைக் காட்டி, கைக்காசுக்கு 359,000 ரூபாய், தவணைக்கு மாதம் 16,500 ரூபாய்ப்படி 24 மாதங்கள், வட்டியே கிடையாது என்றார்கள். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். முதல் தவணைகளுக்குத் தன் தீபாவளி முற்பணத்தைத் தருவதாகச் சொல்கிறார். பழைய போனுக்குப் பற்றரி மாற்ற 12,500 ரூபாய் கேட்கிறார்கள். புதியதை வாங்குவது பெறுமதியானதா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் ஒன்று 12,500 ரூபாயில் தீரக்கூடியது, இன்னொன்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து செய்யும் வேலையால் தீரக்கூடியது, மூன்றாவது எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய போனாலும் பெரும்பாலும் தீராதது. இவை மூன்றும் ஒரே நாளில் ஒரே போனில் தெரிவதால், போனே முடிந்துவிட்டது என்ற எண்ணம் வருவது இயல்பு.

முதலில் பற்றரி. இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயன் பற்றரி. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. ஐபோன் 14 வரையான தன் மாதிரிகளின் பற்றரி, 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் தொடக்கக் கொள்ளளவில் 80 வீதத்தைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டதாக ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. தினமும் ஒரு முறை ஏற்றுபவருக்கு 500 சுற்று என்பது ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம்தான். உங்களுடையது வேறு நிறுவனத்தின் போனாக இருந்தாலும், 2021 முதல் ஓய்வில்லாமல் உழைத்த பற்றரி இந்த நிலைக்கு வந்திருப்பதில் வியப்பில்லை. பழைய பற்றரியின் உள்தடை கூடியிருக்கும். குளிரில் அது மேலும் கூடும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஜனவரி மாதக் காலைக் குளிரில், 30 வீதம் மீதமிருப்பதாகத் திரை காட்டினாலும், போன் ஒரு கணம் அதிக மின்னைக் கேட்கும்போது பற்றரியால் அதைக் கொடுக்க முடியாமற் போய், மின்னழுத்தம் விழுந்து போன் அணைந்துவிடுகிறது. அதே போனை வெயில் ஏறிய பிறகு இயக்கினால் மீண்டும் 25 வீதம் காட்டுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். போனின் மற்றப் பாகங்கள் கெட்டுப்போனதற்கு இது அடையாளம் அல்ல.

2017 டிசம்பரில், பற்றரி தளர்ந்த ஐபோன்கள் இப்படித் திடீரென அணையாதிருப்பதற்காக அவற்றின் வேகத்தைத் தன் மென்பொருளே குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு முழுவதும் குறைந்த கட்டணத்தில் பற்றரி மாற்றிக் கொடுத்தது. பற்றரியை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள் பலருக்குப் பழைய வேகம் திரும்பக் கிடைத்தது. புதிய போனைப் பற்றி எண்ணும் ஒவ்வொருவரும் அதற்குமுன் பற்றரி விலையைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஆனால் பற்றரி மாற்றுவதிலும் கவனம் வேண்டும். உங்கள் போனின் முகவர் நிறுவனத்தின் சேவை நிலையத்தில் அசல் பற்றரி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் வெளிக்கடைக்குப் போங்கள். எங்கு மாற்றினாலும், பற்றரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி விற்பனையாளரின் கடமை. போனின் பின்மூடி சற்றேனும் மேலெழும்பியிருந்தால், திரையின் ஓரம் பிரிந்திருந்தால், பற்றரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் இன்றே பாவனையை நிறுத்துங்கள், தலையணைக்கடியில் வைத்து உறங்க வேண்டாம்.

இனிச் சிக்னலுக்கு வருவோம். இதுவும் பற்றரிக் குறையும் உங்கள் கடிதத்தில் தனித்தனியாக இருந்தாலும் உண்மையில் ஒன்றோடொன்று பின்னியவை. கோபுரம் தொலைவிலோ மலைக்கு மறுபுறத்திலோ இருக்கும்போது, போன் தன் அலையைக் கூடிய வலுவுடன் அனுப்புகிறது. தொடர்பு அறுந்தால் மீண்டும் மீண்டும் கோபுரத்தைத் தேடுகிறது. இரண்டுமே பற்றரியைத் தின்பவை. பள்ளத்திலுள்ள லயத்தில் இரவு முழுவதும் போனைத் திறந்து வைத்திருந்தால், அதைத் தொடாமலே காலையில் கணிசமான அளவு குறைந்திருப்பதன் காரணம் இதுதான். புதிய போனுக்கும் இதே மலை, இதே கோபுரம்தான். அதன் அலைவாங்கி சற்று மேம்பட்டதாக இருக்கலாம். அந்தச் சிறு வேறுபாட்டுக்காக இலட்சக்கணக்கில் கொடுக்க முடியுமா என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல், சோதித்தே பாருங்கள். உங்கள் பாடசாலையில் அண்மையில் புதிய போன் வாங்கியவர் ஒருவராவது இருப்பார். ஒரு நாள் மாலை அவரை வீட்டுக்கு அழைத்து, உங்கள் சிம்மை அவருடைய போனில் போட்டு, நீங்கள் வழக்கமாகப் பேச முயலும் அதே இடத்தில், அதே நேரத்தில் பேசிப் பாருங்கள். அங்கும் அழைப்பு அறுந்தால் குறை போனில் இல்லை. அயல் வீட்டாரின் வேறு நிறுவனச் சிம் ஒன்றை உங்கள் போனில் போட்டுப் பார்ப்பது அடுத்த சோதனை. பல தோட்டங்களில் ஒரு டிவிசனில் ஒரு நிறுவனமும் அடுத்த டிவிசனில் இன்னொரு நிறுவனமும் நன்றாக எடுக்கும். அதுவரை, சிக்னல் இல்லாத இடத்தில் உறங்கும்போது விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள்.

கடைக்காரர் 5ஜி பற்றியும் சொல்லியிருப்பார். 4ஜி அழைப்புக்கே கோயிலடிக்கு ஏறும் ஒருவருக்கு அது இன்றைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதி அல்ல.

சேமிப்பிடம் நிறைவது ஆசிரியர்களுக்குப் பொதுவான தொல்லை. பெற்றோர் குழுக்களில் வரும் காணொளிகளும், மாணவர்கள் அனுப்பும் பயிற்சித்தாள் படங்களும், காலை வணக்கப் படங்களும் தாமாகவே போனில் இறங்கித் தங்கிவிடுகின்றன. வாட்ஸ்அப் அமைப்புகளில் தானியக்கப் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, சேமிப்பு நிர்வாகம் என்ற பகுதியில் பெரிய கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அழியுங்கள். தேவையானவற்றைப் பாடசாலைக் கணினிக்கோ ஒரு மெமரி கார்டுக்கோ மாற்றுங்கள். சேமிப்பிடம் விளிம்புவரை நிறைந்த போன் மந்தமாகத்தான் இயங்கும். ஐந்தில் ஒரு பங்கு காலியானாலே வேறுபாடு தெரியும்.

இப்போது பணம். "வட்டி கிடையாது" என்ற சொல்லை நம்புமுன் பெருக்கிப் பாருங்கள்: 16,500 ரூபாய்ப்படி 24 மாதங்களுக்கு 396,000 ரூபாய். கைக்காசு விலையைவிட 37,000 ரூபாய் அதிகம். பெயர் எதுவாயினும் அது வட்டிதான்; நீங்கள் சொல்லும் பற்றரியில் கிட்டத்தட்ட மூன்று வாங்கக்கூடிய தொகை அது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட, தோட்டத் தொழிலாளருக்கான 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், அந்த 37,000 ரூபாய்க்கு மட்டும் ஒருவர் 27 நாட்களுக்கு மேல் பேர் போட, அதாவது முழுநாள் வேலை செய்ய, வேண்டும். முழுத் தொகைக்கு 293 நாட்கள். அடை மழையில், அட்டைக்கடியில், முதுகில் கூடையுடன் போகும் நாட்கள் அவை. அம்மா மனமுவந்து தருகிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் தீபாவளி முற்பணம் பெயருக்கேற்ப முற்பணமே. பண்டிகை முடிந்தபின் மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் கழிபடும் கடன். உங்கள் தவணைக்காக அவர் இன்னொரு தவணையில் விழ வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

விலைகூடிய போனில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவுப் படமும் தூரப் படமும் நன்றாக வரும், திரை வெயிலிலும் தெளிவாகத் தெரியும், மழைக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கல்யாண வீடுகளில் படமெடுத்துச் சம்பாதிக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 200 மெகாபிக்சல் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அத்தகைய கமராக்கள் வழக்கமான பயன்முறையில் பதினாறு புள்ளிகளை ஒன்றாக இணைத்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதுவும் மேலும் சுருக்கப்படுகிறது.

போனை மாற்றியே ஆக வேண்டிய நாள் ஒன்று உண்டு. அமைப்புகளில், போனைப் பற்றிய பகுதியில், கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த திகதி இருக்கும். அது ஓராண்டுக்கு முந்தியதாக இருந்து, புதியது எதுவும் வரவில்லையானால், அந்தப் போனில் வங்கிச் செயலியை வைத்திருப்பதை நான் விரும்பமாட்டேன். 2021 போன் என்பதால் அந்த நாள் உங்களுக்கு வந்திருக்கலாம், அல்லது நெருங்கியிருக்கலாம். அப்போதும் மூன்றரை இலட்சம் தேவையில்லை. சாம்சங் 2024 ஜனவரியில் தன் உயர்விலை எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டுப் புதுப்பிப்பை அறிவித்தது. அதே ஆண்டில் வந்த அதன் மலிவான ஏ16 மாதிரிக்கும் ஆறு ஆண்டுகள் உண்டு. பற்றரியை மாற்றிக்கொண்டு, தவணைக்கென எண்ணியிருந்த 16,500 ரூபாயில் பாதியை மாதாமாதம் ஒதுக்கினால், ஓராண்டில் 99,000 ரூபாய் சேரும். நீண்டகாலப் புதுப்பிப்புள்ள நடுத்தர மாதிரி ஒன்றைக் கடனின்றி வாங்கலாம்.

கேள்வி: பண்டாரவளையில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்த, பாவித்த உயர்விலைப் போன் ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறார். புதிய நடுத்தரப் போனைவிட அது நல்லதா?

பதில்: நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் காசு கைமாறுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை உண்டு. *#06# என்று அழுத்தினால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ எண் திரையில் வரும். ஐ.எம்.ஈ.ஐ என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்ற பதில் வரும். பதிவாகாத போனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் சிம்மைப் போட்டு அழைப்பு, டேட்டா இரண்டையும் விற்பவரின் முன்னிலையிலேயே பாருங்கள். பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு முற்றாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். நீக்காமல் கைமாறிய போன், அழித்து மீளமைத்தபின் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

உத்தரவாதம் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கண்டியில் ஒரு கடையில் "ஒரு வருட வொரண்டி" என்ற சொல்லை நம்பி நல்ல விலைக்கு ஒரு போன் வாங்கினேன். ஐந்தாம் மாதம் திரையின் நடுவே பச்சைக் கோடொன்று விழுந்தது. கடைக்குப் போனபோதுதான், அது முகவர் நிறுவனத்தின் உத்தரவாதம் அல்ல, கடையின் உத்தரவாதம் என்றும், திரை அதில் சேராது என்றும் சொன்னார்கள். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: உத்தரவாதம் யாருடையது, எந்தப் பாகங்களுக்கு, பழுதானால் போனை எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். கொழும்புக்கு என்றால், ஒரு நாள் லீவும் போய்வரும் பஸ் காசும் அந்தப் போனின் விலையில் சேர்ந்தவையே.

ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற எண்ணில் அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டின் படமொன்றை எடுத்து, அதை அந்தப் போனில் மட்டும் வைக்காமல் வீட்டிலுள்ள இன்னொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.